ஜாங்கிரிக்குத் தவக்காலம் தெரியாது

ஆவடி
9 ஜனவரி 2025

அன்புள்ள ஹெலினா அக்காவுக்கு,

தெரசா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சுகம். உன் இருமல் நின்றுவிட்டதா? காதைத் துணியால் மூடிக்கொண்டு பூசைக்குப் போ. மடத்தில் யாரும் உன்னைக் கிண்டல் செய்ய மாட்டார்கள்.

நீ அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டை புது வருடம் பிறந்த பிறகுதான் வந்தது. அதில் ஜாங்கிரிக்கும் ஒரு வரி எழுதியிருந்தாய் அல்லவா? அதற்குப் படித்துக் காட்டினேன். அட்டையின் மூலையைக் கடித்துப் பார்த்துவிட்டு அதன் மேலேயே படுத்துக்கொண்டது. இப்போது இயேசு பாலன் முகத்தில் இரண்டு பல் ஓட்டை.

நீ அதை இன்னும் பார்த்ததில்லை. அம்மா இறந்து, நீயும் மடத்துக்குப் போன வருடம் வெள்ளம் வந்ததே, அப்போது நம் குவார்ட்டர்ஸ் மாடிப்படிக்குக் கீழே நனைந்து கிடந்தது. உள்ளங்கை அளவுதான் இருந்தது. இப்போது மடியில் படுத்தால் என் கால் மரத்துப்போகிறது. உடம்பு முழுக்க ஆரஞ்சு நிறம், வாலில் மட்டும் வளையம் வளையமாகக் கோடு.

காலையில் பால் பாக்கெட் விழும் சத்தம் கேட்டதும் என் கன்னத்தில் ஒரு காலை வைக்கும். நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டுதான் வைக்கும். நான் எழாவிட்டால் மறுபடி வைக்கும், அப்போது நகம் கொஞ்சம் வெளியே வந்திருக்கும். நான் அரிசி களையும்போது தண்ணீர்க் குழாயை வேவு பார்க்கும். அப்பாவின் ஃபேக்டரி சட்டையை மடித்து வைத்தால் போதும், வேறு எங்கும் இடம் இல்லாததுபோல் அதன் மேல் ஏறிப் படுக்கும். "தெரசா, உன் துரை இன்னிக்கும் என் சட்டைல கையெழுத்து போட்டுக்கீறாரு" என்று அப்பா முடியைத் தட்டிக்கொண்டே கிளம்புவார். கேட்டில் செக்யூரிட்டிக்காரர் கேட்டாராம், "இன்னா எட்மண்டு, ஊட்ல புலி வளக்கிறியா?" என்று.

மீன்கார ஞானம்மாள் வண்டியின் ஹார்ன் தெருமுனையில் கேட்டால் எங்கே தூங்கினாலும் எழுந்து வாசலுக்கு ஓடும். நான் வாய் திறப்பதற்குள் அந்த அம்மாவே "வா நைனா, உனக்குத்தான் மொத போணி" என்று ஒரு மத்தியை எறிந்துவிடும். எனக்கு அது வசதி. உனக்குத் தெரியுமே, கடையில் நான் கை காட்டித்தான் பொருள் வாங்குவேன். அப்பா ஷிஃப்ட் போன பிறகு மாலை வரை நான் பேசுவது ஜாங்கிரியோடு மட்டும்தான். அது பதில் சொல்லும். கண்ணை மெதுவாக மூடித் திறக்கும்.

அப்பாவுக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
தெரசா

*

திண்டுக்கல்
26 ஜனவரி 2025

இயேசுவின் அன்பில் என் தெரசாவுக்கு,

உங்கள் இருவருக்கும் ஆண்டவர் நல்ல சுகம் தருவாராக. என் இருமல் போய்விட்டது. இப்போது தோட்ட வேலை என் பொறுப்பு. கத்திரிச்செடி முப்பது வைத்திருக்கிறோம், பூச்சிதான் பாதி தின்கிறது.

ஒரு கூத்து கேள். எங்களுக்கு வரும் கடிதங்களை மதர் முதலில் படித்துவிட்டுத்தான் தருவார். உன் கடிதத்தை மேலோட்டமாகப் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. மறுநாள் காலை மன்றாட்டில், "நம் சகோதரி ஹெலினாவின் தங்கைக்குத் துணையாக இருக்கும் ஜாங்கிரி என்ற பிள்ளைக்காகவும் மன்றாடுவோம்" என்றாரே பார்க்கலாம்! எல்லோரும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆகவே உன் பூனைக்காக ஒரு மடமே ஜெபித்திருக்கிறது, சொல்லிவிடு.

அப்பாவுக்கு டாக்டர் என்ன சொன்னார்? உடனே எழுது. எங்களுக்கு மாதக் கடைசியில்தான் பதில் எழுத அனுமதி. தாமதமானால் கோபித்துக்கொள்ளாதே.

அன்பு அக்கா,
ஹெலினா

*

ஆவடி
6 பிப்ரவரி 2025

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டேன். நீ சுகமாக இருப்பதில் சந்தோஷம். நான் சுகம். அப்பாவைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை.

இருதயத்துக்குப் போகும் குழாயில் மூன்று இடத்தில் அடைப்பாம். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டும், மார்ச் மூன்றாவது வாரம் என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். அப்பாவோடு வேலை செய்யும் சின்னசாமி மாமா கூட இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அப்பா பேருந்தில் வரும்போது முழுக்க சிரித்துக்கொண்டே வந்தார். "டாக்டரு என் நெஞ்சத் தொறந்து பாத்தா உள்ள உன் பூனை முடிதான் இருக்கும்" என்றார். வீட்டுக்கு வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். ஜாங்கிரி போய் அவர் பாதத்தின் மேல் படுத்துக்கொண்டது. ரொம்ப நேரம் இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.

அம்மாவையும் இப்படித்தான் நடக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அப்பாவுக்கு ஏதாவது ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்வார்கள். பத்தாவதோடு நின்றவளுக்கு யார் வேலை தருவார்கள்? நான் எங்கே போவேன்? இதையெல்லாம் அப்பாவிடம் கேட்க முடியாது. ஜாங்கிரியிடம் சொன்னேன். என் தாவாங்கட்டையை நக்கியது. அதன் நாக்கு உப்புத்தாள் மாதிரி இருக்கும்.

அக்கா, நீ அங்கே தினமும் முழங்காலில் நிற்கிறாய். எனக்குச் சரியாக ஜெபிக்க வராது. கண்ணை மூடினால் வேறு நினைவு வருகிறது. அப்பாவுக்காக நான் என்ன செய்ய வேண்டும் என்று எழுது. அதை அப்படியே செய்கிறேன்.

தெரசா

*

திண்டுக்கல்
27 பிப்ரவரி 2025

இயேசுவின் அன்பில் என் தெரசாவுக்கு,

உன் கடிதம் படித்ததிலிருந்து அப்பா என் கண்ணிலேயே நிற்கிறார். பயப்படாதே. இங்கே எல்லோரும் அவருக்காக மன்றாடுகிறோம்.

வரும் புதன்கிழமை நெற்றியில் சாம்பல் பூசித் தவக்காலம் தொடங்குகிறோம். இன்னும் பயிற்சியில் இருக்கும் என்னைப் போன்ற நவகன்னியருக்கு அன்றிலிருந்து மௌனம். உயிர்ப்பு ஞாயிறு வரை கடிதம் எழுதவும் கூடாது, வருகிற கடிதங்களும் பிரிக்காமல் மதரிடமே இருக்கும். ஆபத்து அவசரம் என்றால் மட்டும் மதருக்குப் போன் செய்யலாம்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாயே. தவக்காலத்தில் ஏதாவது ஒன்றை ஒறுத்து, அதை அப்பாவுக்காக ஒப்புக்கொடு. வீட்டில் மீன், கறி எப்படியும் கிடையாது, அது எல்லோரும் செய்வது. உனக்கு எது ரொம்பப் பிடிக்குமோ அதை விட்டுக்கொடு. விட்டாலும் வலிக்காத ஒன்றைக் கொடுத்தால் அது காணிக்கையா? உன் மனசுக்குத் தெரியும். அந்த வலியை ஆண்டவர் பார்க்காமல் இருக்க மாட்டார்.

அப்பாவுக்கு என் முத்தம். உயிர்ப்பு ஞாயிறன்று நல்ல செய்தியோடு சந்திப்போம்.

அன்பு அக்கா,
ஹெலினா

*

ஆவடி
6 மார்ச் 2025

அன்பு அக்காவுக்கு,

இதை நீ இப்போது படிக்க மாட்டாய் என்று தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். நாங்கள் இருவரும் பரவாயில்லை. அப்பாவுக்கு லீவு கொடுத்துவிட்டார்கள்.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். எனக்குப் பிடித்தது என்ன என்று யோசித்தேன். இனிப்பு எனக்கு அவ்வளவு பிடிக்காது. போனில் பாட்டுக் கேட்பது உண்டு, அது இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. விட்டால் வலிக்கிற மாதிரி என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அதைத் தெரிந்துதான் நீ பெயர் சொல்லாமல் எழுதியிருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

நேற்று சாம்பல் பூசிக்கொண்டு வந்ததும் ஜாங்கிரியைப் பின்கட்டில் விட்டுக் கதவைச் சாத்தினேன். உயிர்ப்பு ஞாயிறு வரை அதைத் தொட மாட்டேன், பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன், பேச மாட்டேன், மடியில் விட மாட்டேன். இதுதான் என் ஒறுத்தல். பட்டினி போடவில்லை. இரண்டு வேளையும் பால் சோறு வெளியே வைத்துவிடுகிறேன். மீன்தான் இல்லை.

அப்பா கேட்டார், "இன்னாத்துக்குத் துரைய வெளிய தள்ளிட்ட?" என்று. "முடி கொட்டுது, ஆபரேஷன் ஆவறவரைக்கும் ஆகாது" என்றேன். உண்மையைச் சொன்னால் அவர் விட மாட்டார். ஒப்புக்கொடுத்ததை வெளியே சொல்லக் கூடாது என்றும் நினைக்கிறேன்.

இதை எழுதும்போது அது கதவைப் பிறாண்டிக்கொண்டிருக்கிறது.

தெரசா

*

ஆவடி
17 மார்ச் 2025

அக்கா,

நீ நன்றாக இருக்கிறாயா? இரண்டு நாளில் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம்.

நான் செய்வது சரிதானா என்று சந்தேகமாக இருக்கிறது. முதல் சில நாள் அது கதவடியிலேயே கத்தியது. கோபமாக இல்லை. எங்கேயோ தவறிப்போய் வெளியே மாட்டிக்கொண்டதாக நினைத்து, எனக்குத் தெரியப்படுத்துகிற மாதிரி கத்தியது. பிறகு சமையலறை ஜன்னல் கம்பி வழியாகக் கையை விட்டது. நான் முதுகைத் திருப்பிக்கொண்டு வெங்காயம் நறுக்கினேன். துணி காயப்போடப் போனால் காலைச் சுற்றுகிறது. மிதித்துவிடாமல், தொட்டுவிடாமல் நடக்க வேண்டியிருக்கிறது. நேற்று ஒரு பல்லி வாலைக் கொண்டுவந்து என் செருப்பின் மேல் வைத்திருந்தது. வழக்கமாக "அட, எனக்கா?" என்று கேட்பேன். அது உட்கார்ந்து என் வாயையே பார்த்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஞானம்மாள் ஹார்ன் அடித்தும் நான் போகவில்லை. அந்த அம்மாவே கேட் வரை வந்தது. "இன்னா பாப்பா, பூனைய வெளிய போட்டுட்டு ஆபீசரம்மா மாதிரி கதவ மூடினு கீற?" என்றது. "தவக்காலம்" என்று மெதுவாகச் சொன்னேன். "மீனு துன்னாதன்னு சாமி உனக்குத்தான சொல்ச்சி? பூனைக்கா சொல்ச்சி?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்தது. அன்று மத்தி எறியவில்லை. மறந்துவிட்டதா, கோபமா, தெரியவில்லை.

வலித்தால்தான் காணிக்கை என்று எழுதியிருந்தாய். எனக்கு வலிக்கிறது, அது சரி. ஜாங்கிரிக்கும் வலிக்கலாமா? அதைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். "போதும்" என்று நீ ஒரு வார்த்தை எழுதினால் கதவைத் திறந்துவிடுவேன். ஆனால் ஆபரேஷன் நெருங்கிவிட்டது. இப்போது நானாக நிறுத்தி, அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

பதில் வராது என்று தெரியும்.

தெரசா

*

ஆவடி
29 மார்ச் 2025

அன்பு அக்காவுக்கு,

அப்பா பிழைத்துவிட்டார். சின்னசாமி மாமா மதருக்குப் போன் செய்தார், உனக்குச் சொல்லியிருப்பார்கள். நேற்று வீட்டுக்குக் கூட்டிவந்தோம். நெஞ்சில் நீளமாகத் தையல். தும்மல் வந்தால் தலையணையை அணைத்துக்கொள்கிறார். சுவரைப் பிடித்துக் கழிவறைக்குப் போய் வருகிறார். நீ கவலைப்படாமல் சாப்பிடு.

ஆபரேஷன் நடந்தபோது வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஜெபமாலை பாதியில் குழம்பிவிட்டது. அதனால், "ஆண்டவரே, நான் அதைத் தொடவே இல்லை, ஒரு தடவை கூடத் தொடவில்லை" என்று அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். டாக்டர் வந்து நல்லபடியாக முடிந்தது என்றார். ஆண்டவர் கேட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

பங்குச் சாமியார் பார்க்க வந்தார். "எட்மண்ட், டாக்டர் ஒரு பக்கம் இருக்கட்டும்யா. உன் பிள்ளைங்க ஜெபம்தான் உன்ன எழுப்பி உட்கார வச்சிருக்கு" என்றார். அப்பா என் தலையில் கை வைத்தார். நான் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்தார்கள்.

அக்கா, ஜாங்கிரியைக் காணவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் யாரிடமாவது சோறு வைக்கச் சொல்லியிருக்க வேண்டும். கதவு வரை போனேன், தட்டக் கை வரவில்லை. பெரிய சட்டியில் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுப் போனேன். வந்து பார்த்தபோது சட்டி எறும்பு பிடித்துக் காய்ந்து கிடந்தது. கூப்பிட்டுத் தேடலாம் என்றால், பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன் என்று நேர்ந்திருக்கிறேன். தெருத்தெருவாகச் சத்தம் இல்லாமல் நடந்து பார்த்தேன். அண்ணனூர் பக்கம் தண்டவாள ஓரம் வரை போனேன். இல்லை.

தெரசா

*

ஆவடி
11 ஏப்ரல் 2025

அக்கா,

அப்பா இப்போது தெருமுனை வரை நடக்கிறார். உனக்கும் சுகம் என்று நம்புகிறேன்.

ஜாங்கிரி இருக்கிறது. பின் வரிசையில் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள். ராதிகா அக்கா என்று பெயர், அவர் வீட்டுக்காரருக்கு நம் ஃபேக்டரிக்கு மாற்றல். அவர்கள் மகள் வித்யா இரண்டாவது படிக்கிறாள். அந்த வீட்டில் வாரத்தில் பல நாள் மீன் வாசம் வரும். அவர்கள் மதில் மேல்தான் படுத்திருந்தது.

என்னைப் பார்த்ததும் எழுந்தது. கத்தியது. நான் நின்றேன். கூப்பிட்டிருந்தால் அன்றைக்கு வந்திருக்கும், அக்கா. எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின குருத்து ஞாயிறு கூட இன்னும் வரவில்லை. அப்பாவின் தையல் ஒரு இடத்தில் ஆறாமல் நீர் வைத்திருந்தது. இப்போது வாக்கை உடைத்தால், கொடுத்ததை ஆண்டவர் திரும்ப எடுத்துக்கொண்டால் என்று பயந்தேன். தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். அது மூன்று வீடு வரை மதில் மேலேயே என்னோடு கூட வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தம் நின்றதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவின் போனிலிருந்து மதர் நம்பரைப் போட்டேன். "யாரும்மா?" என்றார். "ஹெலினா அக்காவோட தங்கச்சி" என்றேன். "அப்பாவுக்கு என்னம்மா?" என்று பதறினார். "ஒன்னும் இல்ல மதர், நல்லா இருக்காரு" என்றேன். "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஹெலினாகிட்ட வேற ஏதாவது சொல்லணுமா? அவசரமா?" என்று கேட்டார். ஒரு பூனையைத் தொடலாமா என்று அவரிடம் எப்படிக் கேட்பது? "இல்ல மதர்" என்று வைத்துவிட்டேன்.

இன்னும் கொஞ்ச நாள்தான். பொறுத்துக்கொள்கிறேன்.

தெரசா

*

திண்டுக்கல்
20 ஏப்ரல் 2025, உயிர்ப்பு ஞாயிறு

தெரசா, என் கண்ணே,

பூசை முடிந்ததும் மதர் உன் நான்கு கடிதங்களையும் சேர்த்துக் கொடுத்தார். "உன் தங்கை போன் செய்தாள், எல்லாம் சுகம்" என்று அன்றே சொல்லியிருந்தார். நான் நிம்மதியாக இருந்துவிட்டேன். எல்லோரும் கேக் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் தோட்டத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கதவைத் திற. இதைப் படித்தவுடன் போய்க் கூப்பிடு. பெயர் சொல்லிக் கத்திக் கூப்பிடு.

நான் அதைச் சொல்லவில்லை, தெரசா. நான் இனிப்பை நினைத்தேன், போனை நினைத்தேன். அதைக்கூட நினைத்தேனா தெரியவில்லை. இங்கே நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற வார்த்தைகள் அவை. உன் கடிதம் வந்த வாரம் தியானத்தில் கேட்டதை அப்படியே எடுத்து எழுதிவிட்டேன். நீ அதை எடுத்துக்கொண்டுபோய் உன் வீட்டில் இருந்த ஒரே துணையின் மேல் வைப்பாய் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

ஆண்டவர் அப்படிப் பேரம் பேசுகிறவர் இல்லை. அப்பாவைப் பிழைக்கவைத்தது டாக்டர்கள். நீ ஜாங்கிரியை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாலும் அப்பா பிழைத்திருப்பார். இதை நம்பு. அந்த வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்.

போன் செய்ய அனுமதி கேட்டேன். "பூனைக்காகவா?" என்றார் மதர். அதனால் விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

உடனே எழுது.

ஹெலினா

*

ஆவடி
27 ஏப்ரல் 2025

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அப்பாவுக்குத் தையல் முழுக்க ஆறிவிட்டது. நீ அழுது உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் கடிதம் வருவதற்கு முன்பே, உயிர்ப்பு ஞாயிறு காலையிலேயே போனேன். ஞானம்மாளிடம் முதல் தடவையாக நானே வாய் திறந்து மத்தி கேட்டேன். "அடி ஆத்தே, பாப்பாக்குக் குரல் கீது!" என்றது அந்த அம்மா. உப்புப் போடாமல் வேகவைத்து, முள் எடுத்து, ஆறவைத்து எடுத்துப்போனேன்.

வித்யா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். ஜாங்கிரி அவள் மடியில் இருந்தது. கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். "ஜாங்கிரி" என்றேன். காதை மட்டும் திருப்பியது. தட்டைக் கீழே வைத்ததும் இறங்கி வந்தது. எல்லாவற்றையும் தின்றது. அது தின்றுகொண்டிருக்கும்போது கையை நீட்டினேன். தலையைத் தாழ்த்தி என் கைக்குக் கீழே புகுந்து விலகிப்போனது. கடிக்கவில்லை, சீறவில்லை. தெரியாதவர்கள் கை நீட்டினால் எப்படி விலகுமோ அப்படி விலகியது. மறுபடி மடியில் ஏறி வாயை நக்கிக்கொண்டது.

வித்யா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "புஜ்ஜிக்குப் புது ஆளுன்னா பயம்க்கா. நீங்க நாலஞ்சு நாளு வந்தீங்கன்னா பழகிடும்."

ராதிகா அக்கா வெளியே வந்தார். "இது உங்க ஊட்டுப் பூனையாம்மா? யாருதுன்னே தெர்ல, பசியோட கத்திக்கினே கெடந்துச்சு. பாப்பா சோறு போட்டா, ஒட்டிக்கிச்சு. உங்களுதுன்னா தூக்கிக்கினு போம்மா" என்றார். வித்யா அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அது அவள் பிடியில் கண்ணை மெதுவாக மூடித் திறந்தது.

நான் "இல்லக்கா" என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வெட்கத்தில் சொல்லவில்லை. அன்றைக்கு வெட்கம் இல்லை. அது பசியோடு கத்திக்கொண்டு கிடந்தது என்று அவர் சொன்ன பிறகு, எனது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்பா இப்போதுதான் கவனிக்கிறார். "துரை அங்க போய்க் குந்திக்கினாரா? நாளிக்கு நான் போய்த் தூக்கியாறேன், இதுக்கு இன்னா ரோஷம் உனக்கு?" என்கிறார். வேண்டாம் என்று சண்டை போட்டேன். அவரிடம் ஏன் என்று சொல்ல முடியாது. சொன்னால், ஒவ்வொரு வேளை மாத்திரை போடும்போதும் அதற்குப் பதிலாகத்தான் தான் பிழைத்திருப்பதாக நினைப்பார்.

அக்கா, உன் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். இப்போது நீ எழுதியது உண்மையானால், நான் அதைச் சும்மா துரத்திவிட்டேன். ஒன்றுக்கும் இல்லாமல் அது கதவடியில் கத்தியது. முன்பு நீ எழுதியது உண்மையானால், அப்பா எனக்குக் கிடைத்துவிட்டார், நான் அதற்காக அழக் கூடாது. ஆனால் எனக்கு அழுகை வருகிறது. அப்பா எதிரில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போதே வருகிறது. அப்படியென்றால் நான் எப்படிப்பட்ட பெண்?

இரண்டில் எது என்று எழுது. நீ படித்தவள். இந்த முறை யோசித்து எழுது.

தெரசா

*

திண்டுக்கல்
25 மே 2025

அன்புள்ள தெரசாவுக்கு,

நீயும் அப்பாவும் சுகம்தானே? இந்த மாதம் முழுக்க எழுத உட்கார்ந்து எழுந்து போனேன். மூன்று தாள் கிழித்தாயிற்று.

நீ கேட்டது எனக்குத் தெரியவில்லை. இங்கே யாரையும் கேட்கவும் தைரியம் வரவில்லை. ஒருமுறை ஒப்புரவில் பாவத்தைச் சொல்லும்போது சாமியாரிடம் ஆரம்பித்தேன். "பூனைதானே அம்மா" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு எழுந்து வந்தேன். என்னுடைய அந்தச் சிரிப்பை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

உன் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும்போல் இருக்கிறது. அதற்கு அனுமதி இல்லை.

ஏதாவது எழுது. திட்டியாவது எழுது. ஜாங்கிரியைப் பார்த்தால் எப்படி இருக்கிறது என்று எழுது.

உன் அக்கா

*

ஆவடி
19 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். அங்கே உன் நலத்துக்கும் மற்ற சிஸ்டர்கள் நலத்துக்கும் ஆண்டவரை வேண்டுகிறேன்.

அப்பா வேலைக்குத் திரும்பிவிட்டார். பாரம் தூக்காத பிரிவில் போட்டிருக்கிறார்கள். உப்பு குறைத்துச் சமைக்கிறேன், குறை சொல்லாமல் சாப்பிடுகிறார்.

நானும் மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருகிறேன். இயந்திரச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. எனக்கு அது பழகிவிட்டது.

இங்கே வெயில் இன்னும் குறையவில்லை. அங்கே மழை பெய்ததா? தோட்டம் எப்படி இருக்கிறது?

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
தெரசா